சீட்டு வரிசையில் ஒரு டாக்டரம்மா

மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுக்கும் அந்த டாக்டரம்மா வெள்ளைக் கோட்டு போடமாட்டார். நரைமுடி, ரப்பர் செருப்பு. மாணவர்களோடு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்பார். சீட்டுக் கொடுக்கும் ஜன்னல் அருகே வந்ததும் மறுபடி கடைசிக்குப் போய்விடுவார்.

சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் அம்மாவைப் பாம்பு கடித்த அன்று, பஸ்ஸில் கூட்டிவந்து அந்த வரிசையில்தான் நானும் நின்றேன். சீட்டு வாங்குவதற்குள் அம்மா போய்விட்டாள்.

பிறகு இதைக் கேள்விப்பட்ட டாக்டரம்மா, அதை மாணவர்களிடம் சொல்ல என்னைக் கூப்பிட்டார்.

"நான் எட்டாவதுதாம்மா படிச்சிருக்கேன்."

"இவுகளுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியும். சொல்லாத்தா."

சொன்னேன். ஒரு மாணவர் கேட்டார்: "அவசரப் பிரிவுக்குச் சீட்டே வேணாமே. நேரா போயிருக்கலாமே?"

"அது பின்னாடி, ஆம்புலன்ஸ் வர்ற வாசல்ல இருக்கு சார். பஸ்ல வந்தவுக முன்வாசல்லதான வருவாக? யாருமே சொல்லலையே."

"எழுதிக்கங்க. பரீட்சையில கேப்பேன்" என்றார் டாக்டரம்மா.

"சிலபஸ்ல இல்லையே மேடம்?"

"வைக்கச் சொல்லி வருசா வருசம் எழுதிப் போடுறேன். வைக்கிற வரைக்கும் இங்கனதான் பாடம்."

அடுத்த வகுப்புக்கும் கூப்பிட்டிருக்கிறார். போவேன். ஜன்னல்வரை போய் ஏன் திரும்பிவிடுகிறார் என்று இன்னும் கேட்கவில்லை. இந்த முறை வரிசையில் அவருக்குப் பின்னால் நின்று கேட்பேன்.