தட்டினால் போகிற பஸ்

பஸ் ஓட்டுவது சுகமான வேலை, ஆட்கள் ஏறாத வரைக்கும். கனடாவில், ஸ்காபரோ குளிரில் ஸ்டொப்பில் நின்று, பிந்தி வரும் பஸ்ஸையும் அதை ஓட்டி வருகிறவனையும் சேர்த்துத் திட்டியவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் வெளியில் நின்று பட்ட பாட்டை நான் உள்ளே இருந்து பட்டேன்.

யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் மினிபஸ் ஓட்டியவன் நான். ரொறன்ரோவில் நகர பஸ் ஓட்டும் வேலை கிடைத்தபோது, எங்கே போனாலும் ஸ்டியரிங் வட்டம்தானே என்று நினைத்தேன். நிரந்தரமாகும் வரைக்கும் பயணிகளிடமிருந்து முறைப்பாடு வந்தால் வீட்டுக்குத்தான் என்று பயிற்சியிலேயே சொல்லிவிட்டார்கள். மனைவியோ எங்கள் அபார்ட்மென்ட் முழுக்க வேலை நிரந்தரம் என்றே சொல்லி முடித்திருந்தாள். ஆகவே எனக்குப் பாதிப் பயம் முறைப்பாட்டில், மீதிப் பயம் லிப்டில் சந்திக்கிற ஆட்களில்.

கை காட்டியவர்

எங்கள் மினிபஸ் வழக்கத்தில், கை காட்டுகிற ஆள் நிற்கிற இடம்தான் ஸ்டொப். முதல் கிழமையில் ஒரு பிளாசா வாசலில் வயதான ஒருவர் கையை உயர்த்தினார். கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. கதவைத் திறந்து, பெரிய உபகாரம் செய்கிறவன் மாதிரி, "ஏறுங்கோ அங்கிள்" என்றேன். அவர் என்னையும் பஸ்ஸையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, நான் றோட்டுக்கு அங்கால போற மகளுக்குக் கை காட்டினனான். எனக்கு வீடு உதிலதான், நீங்கள் போங்கோ."

இரண்டு தட்டு

மினிபஸ்ஸில் கொண்டக்டர் பஸ்ஸின் பக்கத்துத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால், எல்லோரும் ஏறியாயிற்று, எடு என்று அர்த்தம். ஒரு காலை, நான் கதவை மூடியபின் பஸ்ஸின் பக்கத்தில் டப், டப் என்று கேட்டது. எடுத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் ஒரு பெண் லஞ்ச் பாக்கும் கையுமாக வாயைத் திறந்தபடி நிற்கிறார். இந்த ஊர் பஸ்ஸில் கொண்டக்டரே கிடையாது என்பது அடுத்த சிக்னலில்தான் உறைத்தது.

மறுநாள் அவர் ஏறினார். "நேற்று நான் தட்டினது கேக்கேல்லையோ?" என்றார். "கேட்டது. கேட்டபடியாத்தான் எடுத்தனான்" என்று தொடங்கி, கொண்டக்டர் கதை முழுவதையும் சொன்னேன். முறைப்பாடு செய்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"அப்ப சரி அண்ணை, இனி பஸ் நிக்க வேணுமெண்டா நான் தட்டாமல் பேசாம நிக்கிறன்."

உள்ளே இருக்கிறவர்கள்

அந்தப் பயத்தில் நான் மகா நல்லவனாகிவிட்டேன். தூரத்தில் யார் ஓடி வந்தாலும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். சிலர் பஸ்ஸுக்காக ஓடவில்லை, உடம்பைக் குறைக்க ஓடினார்கள். அவர்களுக்கும் காத்திருந்தேன். ஏறுகிறவர்கள் நன்றி சொல்லச் சொல்ல எனக்குத் தலை கொஞ்சம் பெருத்தது.

முன் சீட்டில் தினமும் ஒரு சீனர் இருப்பார். சீனாவில் ஒரு பெரிய நகரத்தில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு ரயிலைத் தவறவிட்டால் மூச்சு வாங்கி முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும், எதுவும் யாருக்காகவும் காத்திருக்காது என்பார். இங்கே என் தயவில் அவர் நாள்தோறும் சப்வே ரயிலைத் தவறவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் எழுந்து வந்து, மரியாதையான ஆங்கிலத்தில் சொன்னார்:

"நீங்கள் வெளியே நிற்கிறவர்களுக்கு மிகவும் நல்லவர். நாங்கள் உள்ளே இருக்கிறோம்."

பிள்ளையாரும் இன்ஸ்பெக்டரும்

ஊரில் நான் மினிபஸ் ஓட்டிய கண்டி வீதியில் போகிற வாகனம் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்காமல் போகாது. இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் மிச்சப் பயணம். ஸ்காபரோவில் என் வழியிலும் ஒரு பிள்ளையார் கோயில் இருந்தது. அதைக் கண்டால் பஸ் கொஞ்சம் மெதுவாகும். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய ஒரு இன்ஸ்பெக்டர் வந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். 'பிள்ளையாரே, இண்டைக்கு மட்டும் காப்பாத்து' என்று மனம் சொல்லிக்கொண்டே வந்தது. மனம் சொன்னதைக் கால் கேட்டுவிட்டது. கோயிலுக்கு நேரே பஸ்ஸை ஓரங்கட்டி, நிற்பாட்டி, கதவையும் திறந்துவிட்டேன். அங்கே ஸ்டொப்பும் இல்லை, ஏற ஆளும் இல்லை.

"ஏன் நிற்கிறோம்?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸில் பாதிப்பேர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள், பஸ்ஸில் தட்டிய அந்தப் பெண் உட்பட. வேலை போய்விட்டது, இனி எந்த முகத்தோடு லிப்டில் ஏறுவது என்று யோசித்தேன். அப்போது சீனர் மணிக்கூட்டைப் பார்த்தபடி, "இங்கே இவர் தினமும் மெதுவாகத்தான் போவார், அதில் நேரம் போவதில்லை. நீங்கள் கேள்வி கேட்பதில்தான் போகிறது" என்றார்.

கடைசி ஸ்டொப்பில் இன்ஸ்பெக்டர் என் கையைக் குலுக்கி, முறைப்பாடு ஒன்றும் இல்லை, பயணிகளே உனக்காகப் பேசுகிறார்கள், வேலை நிரந்தரம் என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. அவர் இறங்கும்போது படியில் நின்று திரும்பினார்.

"உன் கடவுளை இனிமேல் ஒழுங்கான ஸ்டொப்பில் வந்து நிற்கச் சொல்."

பிள்ளையார் இன்னும் ஸ்டொப்புக்கு வரவில்லை, வேலை நிரந்தரமான நான்தான் அவரைக் கண்டும் காணாதவன் மாதிரித் தினமும் போய்க்கொண்டிருக்கிறேன்.