வளையல் ஸ்டாண்டில் ஒரு சிவப்புக் கோடு

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதீர்கள். எங்கள் அப்பாவிடம் காட்டவே காட்டாதீர்கள். பொம்மசந்திரா கம்பெனியில் ஸ்டெல்லா ஆன்ட்டியோடு ஒரே மேஜையில் வேலை பார்த்த உங்களுக்காக மட்டும் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மொபைல் வெளிச்சத்தில் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை கம்பெனி வேன் நீலசந்திராவில் ஆன்ட்டியின் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. வழக்கமாக, "வரேன்யா, ஊரையே எழுப்பாதே!" என்று டிரைவரைத் திட்டிக்கொண்டே ஆன்ட்டி ஓடி வருவார். அன்று அவர் மகன்தான் வந்தான். ஆன்ட்டி தூக்கத்திலேயே போய்விட்டார். நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது அம்மா கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "ஸ்டெல்லா இல்லாம அந்த டேபிள்ல எப்படிடி உக்காருவேன்?" என்று என்னைக் கேட்டார்.

ஆனால் ஆன்ட்டியை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது. போன வருடம் ஆயுத பூஜைக்கு நாங்கள் எல்லோரும் குடும்பத்தோடு கம்பெனிக்குப் போயிருந்தோம். ரப்பர் வளையம் வெட்டும் புது மெஷினுக்கு வாழைக்கன்று, மாலை, குங்குமம் எல்லாம் வைத்திருந்தார்கள். அது வந்தால் உற்பத்தி கூடிவிடும் என்று முதலாளி நம்பியிருந்தார். கூடவில்லை. மெஷின் மளமளவென்று வெட்டித் தள்ளும். அம்மாவும் ஆன்ட்டியும் மற்றவர்களும் அதை நூறு நூறாகக் கையால் எண்ணிப் பையில் போட வேண்டும். பெட்டிகள் நிரம்பி வழியும். எண்ணி முடிக்கும்வரை மெஷினை நிறுத்தி வைப்பார்கள். ஆன்ட்டி சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் அன்று மெஷின் முன்னால் கைகூப்பி, "மகாராணி, இவ்ளோ அவசரமா வெட்டுறியே, நீயே வந்து எண்ணிட்டுப் போயேன்!" என்றார். பொரி வாயிலிருந்து சிதறும்படி எல்லோரும் சிரித்தோம்.

நான் அங்கே சும்மா உட்கார்ந்து ரப்பர் வளையங்களை விரலில் மாட்டி விளையாடிக்கொண்டிருந்தேன். ஆன்ட்டி அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். அன்று சாயங்காலம், தன் மகளின் வளையல் ஸ்டாண்டையும் ஒரு பை நிறையக் கழிவு வளையங்களையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா இன்னும் கம்பெனியிலிருந்து திரும்பவில்லை. நூறு வளையங்களை எண்ணி ஸ்டாண்டில் கோத்தோம். "பாப்பா, உன் நெயில் பாலிஷ் குடு" என்று வாங்கி, மேல் வளையத்தின் உயரத்தில் கம்பில் ஒரு சிவப்புக் கோடு போட்டார். எடுத்துவிட்டு மறுபடி கோடுவரை கோத்து எண்ணிப் பார்த்தால் தொண்ணூற்றாறுதான் இருந்தது! முதல் தடவை நான் வளையங்களை அழுத்தியிருக்கிறேன். "ரப்பர்டி அது. கொழுக்கட்டை மாதிரி அமுக்குனா?" என்று என் கையில் ஒரு தட்டு. கோட்டை அழித்து மறுபடி போட்டோம். இந்தத் தடவை சரியாக நூறு. "எண்ணாமலே எண்ணிட்டோம்டி!" என்று ஆன்ட்டி என் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துச் சுற்றினார்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஆளுக்கொரு வளையல் ஸ்டாண்ட் டிபன் பையில் வந்தது. மூன்று மணிக்கே வேலை முடிந்துவிடும். ஆனால் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. பத்துப் பேர் வேலையை ஐந்து பேர் செய்யலாம் என்று தெரிந்தால் மீதி ஐந்து பேரை அனுப்பிவிடுவார்கள் என்று பயம். சூப்பர்வைசரான என் அப்பா வரும்போது ஸ்டாண்டுகள் மேஜைக்கு அடியில் போய்விடும். "நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு" என்று எல்லோரும் சத்தமாக எண்ணுவீர்களாம். அம்மா வீட்டில் அதை நடித்துக் காட்டுவார். அப்பா வந்ததும் நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொள்வோம்.

பிறகு, இந்த மெஷினால் பயன் இல்லை, விற்றுவிட்டு இந்தப் பிரிவையே மூடிவிடலாம் என்று முதலாளி பேசுவதாகச் செய்தி வந்தது. அன்று அவர் நடந்து வரும்போது எல்லோரும் ஸ்டாண்டை மறைக்கப் போக, ஆன்ட்டி சொன்னாராம்: "போதும்டி. இன்னிக்கு ஒளிக்க வேணாம். மேஜை மேலயே இருக்கட்டும்."

முதலாளி நின்று பார்த்தார். "சார், இது என்னன்னு காட்டுறேன். ஆனா ஒருத்தியக்கூட வீட்டுக்கு அனுப்பக் கூடாது" என்றார் ஆன்ட்டி. "ஆய்த்தம்மா" என்று கன்னடத்தில் சரி சொன்னாராம் முதலாளி. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதே மெஷின் நிற்காமல் ஓடியது, ஆர்டர் கூடியது. யாரையும் அனுப்பவில்லை, கவிதா அக்காவும் இன்னொருவரும் புதிதாகச் சேர்ந்தார்கள். அடுகோடி லேத் பட்டறையில் ஸ்டீலில் ஸ்டாண்ட் செய்து வந்தது. கோடு மட்டும் அதே சிவப்பில்.

இனி எழுதப் போவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சிறந்த யோசனைக்குச் சான்றிதழ் கொடுக்க, கம்பெனியில் ஒரு படிவம் வந்தது. அப்பாதான் அதை நிரப்பினார். பெயர் எழுதும் இடத்தில் தன் பெயரை எழுதிவிட்டார். சான்றிதழ் இப்போது கண்ணாடிச் சட்டத்தில் மேஜைக்கு மேலே தொங்குகிறது. ஆன்ட்டி சண்டை போடவில்லை. "சர்டிபிகேட்ட ஒலையில போட்டா சோறு வேகுமா? விடுங்கடி, மெஷின் ஓடுதில்ல" என்று வேனில் எல்லோரையும் சிரிக்க வைத்தாராம். ஆனால் இறங்கும்போது அம்மாவிடம் மெதுவாக, "அதுல என் பேர் இருந்து, என் பொண்ணு பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பா" என்றாராம்.

ஆன்ட்டி போய் நாளை முப்பதாம் நாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியில் அவர் படத்தை வைக்கிறார்கள். ஆன்ட்டியின் மகளும் வருகிறாள். எனக்குத் தமிழ் எழுத நன்றாக வரும் என்று, அஞ்சலியை எழுதி என்னையே வாசிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். நான் எழுதியதைப் படித்துவிட்டு அப்பா ஸ்டாண்ட் பற்றிய பத்தியை அடித்துவிட்டார். கோபப்படவில்லை. "எடுத்துடு கண்ணு. எல்லார் முன்னாடியும் அப்பா மானம் போயிடும்" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை.

அதனால்தான் இரண்டாவதாக இந்தத் தாள். நாளை அப்பா சொன்னபடி வாசித்துவிட்டு, இதைக் கவிதா அக்காவிடம் இரகசியமாகக் கொடுத்துவிடலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத அது சரியாகப் படவில்லை. ஆன்ட்டியின் பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. அந்த நெயில் பாலிஷ் பாட்டில் மட்டும் இருக்கிறது. அடியில் கொஞ்சம் காய்ந்துபோய் ஒட்டியிருக்கிறது. அதோடு, முதலாளி வந்த அன்று ஸ்டாண்டை ஒளிக்க விடாமல் அவர் சொன்ன அந்த வார்த்தையும்—

கதவைத் தட்டுகிறார்கள். "இன்னும் தூங்கலையா கண்ணு?" அப்பாதான்.

தாள் மேஜை மேலேயே இருக்கட்டும்.