நாலாவது மெஷினைச் சுற்றிய கை

எனக்குக் கதை கட்ட நேரம் கிடையாது. வாரத்துக்கு ஒரு முறை ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் அடுத்த வாரம் என்று ஒன்று எனக்கு உண்டு. அப்படிப் பிழைத்துக்கொண்டிருப்பவள் வேலை மெனக்கெட்டு உட்கார்ந்து பொய் சொல்வேனா? இது நடந்தது. எனக்கே நடந்தது. அல் உபைத் ஊரில், சண்டை தொடங்கிய இரண்டாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

என் பெயர் ரவ்தா. கணக்கு டீச்சர். ஆறு வருஷமாக எனக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. சண்டைக்கு முன்னால் வாரம் இரண்டு தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ் நடக்கும். இப்போது ஒரே தடவை, அதுவும் இரண்டு மணி நேரம். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, மருந்து இல்லை, டாக்டர் ஊரை விட்டே போய்விட்டார். குண்டு மட்டும் குறைவில்லாமல் வருகிறது. அந்த வாரம் அந்த ஒரு தடவையும் கிடைக்கவில்லை. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. அன்றைக்கும் கிடைக்காவிட்டால் என் உடம்புத் தண்ணீரிலேயே நான் மூழ்கிச் செத்துவிடுவேன். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

வழியில் சோதனைச் சாவடி. அங்கே நின்ற சிப்பாய் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“நல்லா கொழுகொழுன்னு இருக்கே. உனக்கென்ன சீக்கு?”

“இது சதை இல்லடா, தண்ணி. வேணும்னா பாதி எடுத்துக்கோ!” என்றேன்.

பக்கத்தில் இருந்தவன் சிரித்துவிட்டதால் தப்பித்தேன். சுட்டிருந்தாலும் சுட்டிருப்பான். அதைப் பற்றிக் கவலைப்படக்கூட முடியாத எரிச்சலில் இருந்தேன் நான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் நிமாத் என்னைப் பார்த்ததும் கையை விரித்தாள்.

“இன்னைக்கு உங்க முறை இல்லையே டீச்சர். நாளன்னைக்கு வாங்க.”

“நாளன்னைக்கு என் ஜனாசாதான், என் பொணம்தான் வரும். அதுக்கு ஊசி குத்துவியா?”

அவள் வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. “ஜுபாரா மாமாவோட முறை இது. அவரு ஊர் ரோட்டை அடைச்சிட்டாங்களாம். போங்க, அந்த நாலாவது நாற்காலியில உட்காருங்க. ஃபில்டர் ஒண்ணுதான் மிச்சம் இருக்கு, பார்த்துக்கோங்க.”

ஜுபாரா மாமா பிசின் மண்டியில் மூட்டை தூக்கியவர். என்னைச் சீண்டாமல் அவருக்குப் பொழுது போகாது. ‘டீச்சர் ரெண்டு வார்த்தை திட்டினாத்தான் என் ரத்தம் ஒழுங்கா ஓடுது’ என்பார். அவர் இடத்தில் உட்காரப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என்ன செய்வது? உட்கார்ந்தேன்.

அந்த அறையின் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். உடைந்த கண்ணாடித் தூள் தரையெல்லாம் கிடந்தது. எவ்வளவு கூட்டினாலும் போகவில்லை. முதல் இரண்டு மெஷினும் வாசல் பக்கம். மூன்றாவது ரிப்பேர். என்னுடையது உள்ளே, பெரிய அலமாரிக்குப் பின்னால் மூலையில் இருந்தது.

ஐந்து நாற்பது. ஜெனரேட்டர் இரண்டு முறை இருமியது. நின்றது.

கும்மிருட்டு.

மெஷின் நின்றால் குழாயில் ஓடுகிற ரத்தமும் நின்றுவிடும். நின்ற ரத்தம் உறையும். உறைந்தால் ஒரு தம்ளர் ரத்தமும் போச்சு, அந்தக் கடைசி ஃபில்டரும் போச்சு. அதனால் கரண்ட் வரும்வரை யாராவது பம்பில் கைப்பிடியைப் போட்டுக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

“நிமாத்! இங்க வா! என்னைப் பாரு!”

“இங்க ரெண்டு பேரு இருக்காங்க டீச்சர்! எனக்கு இருக்கறது ரெண்டு கைதானே!”

அவளுடைய போன் வெளிச்சம் வாசல் பக்கமே ஆடிக்கொண்டிருந்தது. அலமாரியைத் தாண்டி என்னிடம் ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. நான் ரத்தக் குழாயைப் பிடித்துக்கொண்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சூடு குறைந்தது. இன்னும் குறைந்தது. சனியன் பிடித்த சண்டையே என்று வாய்விட்டுக் கத்தினேன். அழுகைகூட வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து, ஊசியும் குத்திய பிறகா?

டக்.

என் மெஷினில் குழாயை இறுக்கியிருந்த கிளிப் திறக்கிற சத்தம். பிறகு...

கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

பம்ப் சுற்றியது. குழாய் மறுபடி சூடானது. அப்பாடா! யாரோ ஒரு நோயாளியின் சொந்தக்காரர் உதவிக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“யாருப்பா அது? மெதுவா. மாவு அரைக்கிற மாதிரி சுத்தாதே.”

“மெதுவாத்தான் சுத்துறேன். திட்டாதீங்க டீச்சர்.”

ஜுபாரா மாமா!

எனக்கு ஒரே சங்கடமாகிவிட்டது. “வந்துட்டீங்களா? உங்க இடத்துலதான் உட்கார்ந்திருக்கேன்...”

“இருங்க. இருங்க.”

“ரோட்டை அடைச்சிட்டாங்கன்னு சொன்னாங்களே?”

கிர்ர்... கிர்ர்...

“இந்தத் தடவ யாரும் நிறுத்தல.”

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தத் தரையில் பூனை நடந்தால்கூட நறநறவென்று கேட்கும். இவர் வந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

இன்னொன்று. மாமா நாலு அடி நடந்தாலே நாய்போல இளைப்பார். இப்போது என் காதுக்குப் பக்கத்தில் நிற்கிறார். மூச்சுச் சத்தமே இல்லை.

வெளியே குண்டு விழுந்தது. மிக அருகில். கூரையிலிருந்து மண் கொட்டியது. எல்லாரும் அலறினார்கள்.

கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

அந்தச் சத்தம் மட்டும் ஒரு சுற்றுக்கூடத் தப்பவில்லை.

“மாமா... கை வலிக்கலையா?”

கிர்ர்... கிர்ர்...

கையை நீட்டினேன். சட்டை நுனி தட்டுப்பட்டது.

சில்லென்று இருந்தது. எங்கள் ஊர் வெயிலில் எதுவும் அப்படிச் சில்லென்று இருக்காது.

“மாமா...?”

கிர்ர்...

கிர்ர்...

ஆறு மணி. விளக்கு எரிந்தது.

யாரும் இல்லை.

நிமாத் கண்ணாடித் தூளை மிதித்துக்கொண்டு ஓடி வந்தாள். எல்லாம் உறைந்து போயிருக்கும் என்று நினைத்து வந்தவள், மெஷினைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். குழாயில் ரத்தம் செக்கச்செவேலென்று ஓடிக்கொண்டிருந்தது.

“யாரு சுத்தினா டீச்சர்?”

“ஜுபாரா மாமாதான். இப்ப இங்கதான் நின்னாரு.”

“அவரு வரவே இல்லையே. வாசல்ல நான்தானே நின்னேன்?”

“வராமத்தான் இருபது நிமிஷம் கைப்பிடியப் போட்டுச் சுத்தினாராக்கும்?”

நிமாத் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். அதில் ஒரு இரும்புக் கைப்பிடி.

“நாலு மெஷினுக்கும் இருக்கறது இந்த ஒண்ணுதான். மத்ததெல்லாம் உடைஞ்சு போச்சு. இத வச்சுத்தான் அவங்க ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்திச் சுத்தினேன். என் கைய விட்டு எங்கயும் போகல.”

பேயைக் கண்டால் மற்றவர்கள் எழுந்து ஓடுவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. கையில் இரண்டு ஊசி, இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மூலையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் ரோட்டைத் திறந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் மாமாவின் மனைவி ஹவ்வா மாமி ஒரு பையோடு நின்றாள். செத்தவர் வீட்டில் மிஞ்சுகிற மருந்தை அடுத்த நோயாளிக்குக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். பையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

“எப்போ மாமி?”

“போன ஞாயித்துக்கிழமை. மதியம், லுஹர் பாங்கு சொல்லும்போது. அந்த வாரத்துல மூணு தடவ அவரக் கழுதை வண்டியில போட்டுக் கொண்டு வந்தேன். மூணு தடவையும் திருப்பி அனுப்பிட்டானுங்க, பாவிப் பசங்க.”

மதியம். எனக்குக் கரண்ட் போனது சாயங்காலம்.

மாமி என் வலது கையை இழுத்து விரித்து வைத்துக்கொண்டாள்.

“நீ படிச்சவ, ஒண்ணு கேக்குறேன். ஒரு வாரமா அவரால தம்ளர் தூக்க முடியல. நான்தான் ஊட்டினேன். உயிர் போனதும் கண்ணை மூடி, கையை நான்தான் நேரா வச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு கை. குண்டு நிக்காததால பொழுது சாஞ்சு, மக்ரிப் தொழுகைக்கு அப்புறம்தான் குளிப்பாட்டினோம். அப்ப பார்த்தா...” என் உள்ளங்கையை விரலால் தடவிக் காட்டினாள். “இங்க பூராவும் தோல் உரிஞ்சு கெடக்கு. பச்ச ரணம். இரும்பைப் போட்டுத் தேய்ச்ச மாதிரி கருப்பா மசகு. செத்த மனுஷன் கைக்கு என்னடி ஆகியிருக்கும்?”

நான் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன்.

“டீச்சர், உங்க முறை!” என்று உள்ளேயிருந்து நிமாத் கூப்பிட்டாள்.

போய் நாலாவது நாற்காலியில் உட்கார்ந்தேன். வேறு நாற்காலி இல்லை.