பிந்தி வந்த ‘ஓம்’

ஃபாஹிமாவின் வேலை, மற்றவர்களுடைய ‘நான்’களைப் பேசுவது. சிட்னியின் டூங்கபியில் ஒரு அன்ரி டொக்டரிடம் போய் “எனக்கு நெஞ்செரியுது” என்பார். தொலைபேசியின் நடுவில் இருக்கும் ஃபாஹிமா “எனக்கு நெஞ்சு எரிகிறது” என்று ஆங்கிலத்தில் சொல்லுவாள். அவளுக்கு நெஞ்சும் எரியாது, ஒன்றும் எரியாது! ஆனால் மொழிபெயர்ப்பாளர் ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக் கூடாது. ‘நான்’ என்றுதான் சொல்லவேண்டும். ஒரே நாளில் அவளுக்குப் பிரசவ வலி வரும், முழங்கால் வீங்கும், மகன் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய கோபமும் வரும். பின்னேரம் குசினிக்குள் போய் நின்று ஒரு தேத்தண்ணி குடித்தால்தான் சொந்த ‘நான்’ வீடு திரும்பும்.

செவன் ஹில்ஸ் வீட்டுப் பின்னறையில் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த வேலை. 2012இல் கணவன் ஸுஹைருக்கு மேற்கே, பர்க் ஊருக்கும் அப்பால், ஆட்டுப் பண்ணைகளில் சூரிய சக்தித் தண்ணீர்ப் பம்புகள் பூட்டும் ஒப்பந்தம் கிடைத்தது. மூன்று மாத வேலை.

“நீ வீட்டில இரு. நான் போயிட்டு வாறன்.”

“மூண்டு மாசம் நான் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? நல்ல கதை!”

ஃபாஹிமா பிடித்தால் பிடிதான். பழைய கேம்பர் வேன் ஒன்று வந்து சேர்ந்தது. வேனில் படுக்கலாம், சோறு காய்ச்சலாம். ஆனால் பர்க்கைத் தாண்டினால் போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. வேலையை விட்டுவிட அவளுக்கு மனமில்லை. அதனால் மூன்று கால் தாங்கியில் பூட்டும் தட்டு ஒன்றையும் வாங்கினார்கள். வானத்தில் நிற்கும் செய்மதி வழியாக இன்டர்நெட் தருகிற தட்டு. அவளுக்கு மொழிபெயர்ப்பு வேலை தரும் கம்பனியும் சரி என்றது.

முதல் நாள் ஸுஹைர் தட்டை ஆகாயம் பார்க்க மல்லாத்தி வைத்தான். இலங்கையில், புத்தளத்தில் டிவித் தட்டுகள் அப்படித்தான் ஏறக்குறைய உச்சியைப் பார்த்துக் கிடக்கும். மழை பெய்தால் காகம் வந்து அதில் தண்ணீர் குடிக்கும். இங்கே மோடத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை. வெயிலில் நின்று திருகித் திருகி அவனுக்குச் சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

“இஞ்ச பாருங்கோ, பெட்டிக்குள்ள ஒரு புத்தகம் தந்திருக்கிறாங்களே, அதைப் படிச்சா என்ன கொள்ளை?” என்றாள் அவள்.

படித்தான். அவுஸ்திரேலியாவிலிருந்து பார்த்தால் செய்மதி வடக்கே, பாதி வானத்தில் நிற்கிறதாம். தொழுகைக்குத் திசை பார்க்கிற காம்பஸையே எடுத்து வடக்கைப் பிடித்தான். அவன் தட்டை மயிரிழை மயிரிழையாக அசைக்க, அவள் வேனுக்குள் லாப்டொப்பைப் பார்த்துக் கத்தினாள்: “கூடுது… கூடுது… ஐயோ, போயிட்டுது! திரும்ப வாங்கோ!” ஒரு நேரத்தில் விளக்குப் பச்சையாகி அப்படியே நின்றது.

ஃபாஹிமா வெளியே வந்து தட்டு பார்த்த பக்கம் பார்த்தாள். நீலம்தான். ஒரு பறவை இல்லை, ஒரு துண்டு மேகம் இல்லை. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பஸ் அளவு பொருள் நிற்கிறது, அதை இந்தச் சோற்றுத் தாச்சி மாதிரித் தட்டு கண்டுபிடித்துவிட்டது. “சுப்ஹானல்லாஹ்” என்றாள். அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

ஒரு குறைதான். சொல் அவ்வளவு தூரம் ஏறி இறங்க நேரம் எடுக்கும். கண் இமைத்து மூடும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூட. பதில் பிந்தித்தான் வரும். ஃபாஹிமா காத்திருந்து பேசப் பழகிக்கொண்டாள்.

இரண்டாம் மாதம் ஒரு காலை, இலங்கையிலிருந்து படகில் வந்த ஒருவரின் அகதி நேர்காணலுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அதிகாரி சிட்னியில், அந்த மனிதர் நாட்டின் மேற்குக் கரையோரத்தில் ஒரு தடுப்பு முகாமில். அவர் பெயரை அவள் யாருக்கும் சொல்லக் கூடாது, நாமும் விட்டுவிடுவோம். இதில்தான் அவரை வைத்திருப்பதா, திருப்பி அனுப்புவதா என்பது தங்கியிருந்தது. ஸுஹைர் காதில் விழாத தூரத்துக்குப் போய்விட்டான். அவள் கதவைச் சாத்தினாள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதிகாரி, போர்க்காலத்தில் ஆயுதம் ஏந்திய இயக்கத்தைப் பற்றிய கேள்விக்கு வந்தார். ஃபாஹிமா தமிழில் சொன்னாள்: “இப்ப இயக்கத்தைப் பற்றிக் கேட்கிறேன். நீங்கள் விரும்பியா அதில் சேர்ந்தீர்கள்?”

“ஓம்” என்று காதில் விழுந்தது.

“யெஸ்” என்றாள்.

சொல்லும்போதே, அவளுடைய குரலுக்கு அடியில் இன்னொரு சொல்லின் வால் கேட்டது. “…லை.”

ஃபாஹிமாவுக்கு நடந்தது விளங்கிவிட்டது. நம்மவர்கள் போனில் ஒவ்வொரு பேச்சுக்கும் ‘ஓம், ஓம்’ என்பார்கள். அது ‘ஆமாம்’ அல்ல, ‘கேட்டுக்கொண்டிருக்கிறன், சொல்லுங்கோ’ என்ற மரியாதை. அந்த மனிதர் அவளுடைய முதல் வசனத்துக்கு ‘ஓம்’ போட்டிருக்கிறார். அது வானத்துக்குப் போய் வருவதற்குள் அவள் கேள்வியை முடித்துவிட்டாள். மரியாதை ஒப்புதல் வாக்குமூலமாகிவிட்டது. உண்மையான பதிலை அவளுடைய ‘யெஸ்’ மிதித்துவிட்டது.

அதிகாரி தட்டச்சுச் செய்யும் சத்தம் கேட்டது.

ஒரு விநாடி காத்திருந்தால் தெரிந்திருக்கும். ஏன் காத்திருக்கவில்லை? தொண்ணூறில் மன்னாரிலிருந்து இந்த இயக்கம் முஸ்லிம்களை விரட்டியபோது, உடுத்த உடுப்போடு வெளியேறிய பிள்ளைகளில் ஃபாஹிமாவும் ஒருத்தி. உள்ளதைச் சொன்னால், அந்த ‘ஓம்’ அவளுக்கு நம்பச் சுகமாக இருந்தது. வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. இதைச் சொன்னால் கம்பனி நாளைக்கே இந்தத் தட்டை நிறுத்தச் சொல்லும், வேலையும் போகலாம். போனால் போகட்டும்!

“மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்” என்றாள் ஆங்கிலத்தில். “மொழிபெயர்ப்பாளர் பிழை விட்டுவிட்டார். நான் செய்மதித் தொடர்பில் இருக்கிறேன், குரல் பிந்தி வருகிறது. அவர் ‘ஓம்’ என்றது கேள்விக்கு அல்ல. தயவுசெய்து திரும்பக் கேளுங்கள்.” பிறகு அதையே அந்த மனிதருக்குத் தமிழிலும் சொன்னாள்.

தட்டச்சுச் சத்தம் நின்றது. அதிகாரி திரும்பக் கேட்டார். இந்த முறை ஃபாஹிமா கேள்வியை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய சொல் ஜன்னலுக்கு வெளியே இருந்த தட்டைத் தொட்டு, நீலத்துக்குள் ஏறி, பூமியை அவ்வளவு சிறிதாகப் பார்த்துவிட்டு, முகாமில் ஒரு மனிதரின் காதில் இறங்கப் போனது. அந்தச் சின்ன மௌனம் எவ்வளவு பெரியது!

“இல்லை” என்று வந்தது. “இயக்கக்காரர் தங்கச்சியைக் கேட்டு வந்தவை. அவளை விடச் சொல்லி, அவளுக்குப் பதிலா நான் அவையின்ர வாகனத்தில ஏறினனான்.”

இன்னும் ஏதாவது வருகிறதா என்று காத்திருந்தாள். பிறகு ‘நான்’ என்று தொடங்கி, ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த ‘நான்’ நின்று நின்று வந்தது.

முடிவில் அதிகாரி வழக்கம்போல, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார்.

அந்த மனிதர் கேட்டார்: “ஐயா, நான் சொன்ன ‘இல்லை’ இப்ப உங்களிட்ட வந்து சேந்திட்டுதா?”

அவள் மொழிபெயர்த்தாள். அதிகாரி விசைகளைத் தட்டினார். முன்பு எழுதியதை அழித்து எழுதினார் போலிருந்தது. பிறகு பதில் சொன்னார். ஃபாஹிமா அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தாள். மொழிபெயர்ப்பாளர் அழக் கூடாது. அழுதுகொண்டுதான் சொன்னாள்.

“ஓம். வந்து சேந்திட்டுது.”