தொட்டில் பட்டை

மழலையர் பள்ளி ஆயா கழிப்பறையில் பிள்ளைகளைக் கட்டிப்போடுகிறாள் என்று எனக்குச் சொன்னது மூன்றாம் மாடி குல்சாத். அவளுக்குச் சொன்னது ரொட்டிக் கடைக்காரி. ரொட்டிக் கடைக்காரிக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

"காலைக் கட்டி மூத்திரச் சட்டியில உக்கார வெக்கிறாளாம். எந்திரிச்சு ஓடிடக் கூடாதுல்ல," என்றாள் குல்சாத், பைக்குள் சாவியைத் துழாவிக்கொண்டே. "உன் பொண்ணும் அந்தக் குழுவுலதானே?"

என் மகள் அந்தக் குழுவில்தான். கிர்கிஸ்தானின் பிஷ்கெக்குக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இந்த ஊர்க்காரர்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போகிற விஷயத்துக்கெல்லாம் இன்னமும் தூக்கம் கெடுகிறவள் நான். அன்று சாயங்காலமே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "பூருல் எஜே பிள்ளைகளைக் கட்டுவதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?" கேள்விக்குறி போட்டுத்தான் எழுதினேன். முப்பத்தாறு பேர் படித்து, அதில் பத்துப் பேர் வேறு இடங்களுக்கு அனுப்பியபோது அந்தக் கேள்விக்குறியை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

பூருல் எஜேக்கு ஐம்பத்தெட்டு வயது. எஜே என்றால் அக்கா. பிள்ளைகள், பெற்றோர், தலைமை ஆசிரியை எல்லாருக்கும் அவர் எஜேதான். நாரின் மலைப்பக்கத்திலிருந்து பதினேழு வயதில் துணி ஆலைக்கு வந்தவர். ஆலையை மூடியதும், சம்பளம் கொஞ்சமானாலும் மதியச் சாப்பாடு உண்டு என்று இங்கே ஆயாவாகச் சேர்ந்தார். இரண்டு மகன்கள். இருவருக்கும் கல்யாணமாகிவிட்டது. சட்டைக் கைப் பொத்தானைப் போட்டுவிட மனைவி வரும்வரை கையை நீட்டிக்கொண்டு நிற்கிறவர்கள்.

"அவனுங்களைச் சொல்லிக் குத்தமில்ல," என்பார். "எனக்கு ஆலையில காலை ஷிஃப்ட். நானே கழுவி, நானே மாட்டி, நானே ஊட்டி, தூக்கிப் போட்டுட்டு ஓடுவேன். அவனுங்க எப்பத்தான் கத்துக்கிறது? அந்தத் தப்பைத்தான் இங்க வந்து திருத்திக்கிட்டிருக்கேன்."

திருத்துகிற விதம் ஒன்றுதான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். காலை ஏழரைக்கு, ஜனவரிக் குளிரில், இரண்டு கால்சராய், ஒரு கம்பளிச் சட்டை, பருத்த மேலங்கி எல்லாம் மாட்டிக்கொண்டு முப்பத்தெட்டுப் பிள்ளைகள் உருண்டு வரும். தாழ்ந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தானே கழற்ற வேண்டும். பிறகு சட்டி, பிறகு கை கழுவல், பிறகு கஞ்சி. படிக்கத் தெரியாத வயசு, ஆகவே அலமாரிக்கும் சட்டிக்கும் துண்டுக்கும் பெயருக்குப் பதில் படம். என் மகளுக்குக் குடை. சட்டியைக் கொட்டி, அலசி, தன் படத்துக்குக் கீழே கவிழ்க்க வேண்டியதும் அவரவர் வேலை.

"எஜே, பொத்தான் வரல!"

"கை யாருது?"

"என்னுது."

"அப்ப ஏன் என் கையைப் பாக்குற?"

ஒரு பையன் கால்சராயை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நிற்பான். "அடேயப்பா, குதிகால் முன்னாடி வந்திடுச்சே! இனிமே நீ நடந்தா வீட்டுக்குத்தான்டா போவ," என்பார். அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து மறுபடி கழற்றுவான். கஞ்சி ஆறிப்போகும். ஆசிரியை முணுமுணுப்பாள். ஒருதடவை ஒரு தாய் வாசலில் நின்று கத்தியதை நானே கேட்டேன்.

"என் பையனைச் சட்டி கழுவ விடறியா? வீட்டுல அவன் தண்ணிகூட எடுத்துக் குடிக்க மாட்டான், தெரியுமா?"

"தெரியுது மகளே. உள்ள போறதுக்குத்தான் நீ இருக்கியே. வெளிய வர்றதையாவது அவனே பாத்துக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தத் தாய் சிரிக்கவில்லை.

போன செப்டம்பரில் அக்மூர் வந்தாள். மூன்றரை வயது. அம்மா ஜிபார் மாஸ்கோவில் ஏதோ கிடங்கில் பொட்டலம் கட்டுகிறாள். அப்பா யார் என்று யாரும் கேட்பதில்லை. பத்து மாதக் குழந்தையை அண்ணன் வீட்டில் விட்டுப் போனவள். அண்ணன் மனைவிக்கு மூன்று சொந்தப் பிள்ளைகள், வீட்டிலேயே தையல் இயந்திரம், தைத்துத் தீராத சட்டைகள். அவள் அக்மூரைப் பெஷிக்கில் போட்டாள்.

பெஷிக் இங்கே எல்லார் வீட்டிலும் உண்டு. மரத்தொட்டில். குழந்தையை மல்லாத்தி, கையையும் காலையும் அகலத் துணிப்பட்டையால் கட்டிவிடுவார்கள். ஒரு சிறு மரக்குழாய் வழியாக மூத்திரம் அடியிலிருக்கும் குவளையில் இறங்கும். துணி நனையாது, குழந்தை அழாது. ஒரு வயதில், மிஞ்சினால் இரண்டில், இறக்கிவிடுவார்கள். அக்மூரை இறக்கவே இல்லை. கால் தொட்டில் விளிம்பில் முட்டும்வரை பகலில் பாதி அதில்தான்.

அதனால் அந்தப் பிள்ளைக்கு உட்கார்ந்து போக வரவில்லை. சட்டியில் அரைமணி நேரம் உட்காருவாள், ஒன்றும் வராது. எழுந்தால் கால்வழியே ஓடும். தலைமை ஆசிரியை தமாரா ஓஸ்மோனோவ்னா கெடு வைத்தார். பிப்ரவரி முடிவதற்குள் பழகவில்லையென்றால் பெயரை எடுத்துவிடுவோம், காத்திருப்புப் பட்டியலில் இருநூறு பிள்ளைகள். பெயரை எடுத்தால் பகல் முழுக்க அவள் இருக்க வேண்டியது மாமா வீட்டில். அந்த வீட்டில் பெஷிக் இன்னும் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

நவம்பரில் ஜிபார் பத்து நாள் விடுப்பில் வந்தாள். மகள் அவளை யார் என்று தெரியாமல் பார்த்தாள். பூருல் எஜே அவளைத் துணி மாற்றும் அறைக்குக் கூப்பிட்டுப் போனார்.

"கட்டினாத்தான் அவளுக்கு வருது. நான் பாத்துட்டேன். மத்தியானம் போர்வையைக் கால் ரெண்டையும் சேத்துச் சுத்தினதும் மூத்திரம் போயிட்டா. உடம்பு அப்படிப் பழகிக்கிடுச்சு."

"அப்ப என்ன பண்றது எஜே?"

"சட்டியில உக்காரும்போது முழங்கால் மேல பட்டையைப் போடலாம். மொதல்ல ஒரு சுத்து. அப்புறம் தளர்த்தி. அப்புறம் சும்மா மேல. அப்புறம் ஒண்ணுமில்லாம. ஆனா நீ சரின்னு சொல்லணும்."

"சரி எஜே, சரி. அவ பட்டையையே கொண்டாந்து தர்றேன்."

மறுநாளே கொண்டுவந்து கொடுத்தாள். நீலப் பூப்போட்ட, துவைத்துத் துவைத்து வெளுத்த பட்டை. தாளில் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. அது தோன்றவே இல்லை என்று பூருல் எஜே பிறகு சொன்னார். தாய் வாயால் சொன்ன பிறகு தாள் எதற்கு?

டிசம்பரில் ஒரு சுற்று. ஜனவரியில் தளர்த்தி. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் பட்டை வெறுமனே மடியில் கிடந்தது. அக்மூர் தானே அதை எடுத்து முழங்காலில் போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் மடித்து வைத்துவிட்டு, கேரட் படத்துக்குக் கீழே சட்டியைக் கவிழ்த்தாள். இன்னும் ஒரு வாரம் என்று பூருல் எஜே கணக்குப் போட்டிருந்தார். அந்த வாரத்தில்தான் கதவிடுக்கில் பார்த்த யாரோ ரொட்டிக் கடைக்குப் போனார்கள். ரொட்டி வாங்கிக்கொண்டு குல்சாத் என்னிடம் வந்தாள்.

குழுவில் எழுதிய மூன்றாம் நாள் என்னைப் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். இதையெல்லாம் அப்போதுதான், தலைமை ஆசிரியை அறையில் நின்றபடி, பூருல் எஜே வாயால் கேட்டேன். மேசைமேல் பட்டை கிடந்தது. பக்கத்தில் என் செய்தியின் படம், கல்வித் துறையிலிருந்து திரும்பி வந்தது, தாளில் அச்செடுத்து.

"நான் தெரியாம எழுதிட்டேன். அழிச்சிடறேன்," என்றேன்.

"எங்க போய் அழிப்பீங்க?" என்றார் தமாரா ஓஸ்மோனோவ்னா. "பூருல் எஜே, பிள்ளைக்குப் பழகிடுச்சுன்னு சொல்றீங்க. கூப்பிடுங்க. பட்டையில்லாம உக்காரட்டும். நானும் பாக்குறேன்."

"மூணு பேர் சுத்தி நின்னா எனக்கே வராது தமாரா."

ஆனாலும் கூப்பிட்டார்கள். தலைமை ஆசிரியை, ஆசிரியை, துறையிலிருந்து வந்த ஒரு பெண், மூவரும் கழிப்பறை வாசலில் நின்றார்கள். அக்மூர் உட்கார்ந்தாள். கையால் மடியைத் தடவித் தேடினாள். இருபது நிமிடம் ஆயிற்று. ஒன்றும் வரவில்லை. எழுந்து, கால்சராயைத் தானே சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு, நடைவழிக்கு வந்தாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றாள். கால்வழியே ஓடி, செருப்பைச் சுற்றித் தேங்கியது. அவள் அழவில்லை. பூருல் எஜே கையைப் பின்னாலிருந்து எடுத்து, அவளைத் தூக்கிக்கொண்டு போய், தானே கழுவி, தானே மாற்றிவிட்டார். அவர் ஒரு பிள்ளைக்கு மாற்றிவிட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"இதுக்கு மேல நான் என்ன சொல்லட்டும்?" என்றார் தலைமை ஆசிரியை. குரலில் கோபம்கூட இல்லை. "அம்மா சம்மதிச்சாங்கன்னு அவங்க வாயால இந்தம்மாகிட்ட சொல்லட்டும். அஞ்சு மணிக்குள்ள. சொன்னா உங்களுக்கும் ஒண்ணுமில்ல, பிள்ளைக்கும் இன்னொரு மாசம் தர்றேன். இல்லன்னா நீங்க ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பிள்ளையை மாமா வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

நாலு மணிக்குப் பூருல் எஜே ஜிபாரை முதல்தடவை அழைத்தார். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினார், எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தி. கொஞ்ச நேரத்தில் அதன் ஓரத்தில் நீலக் குறி விழுந்தது.

"படிச்சிட்டா," என்றேன்.

"படிச்சிருப்பா." அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்லுவா பாவம்? பட்டை எதுக்குன்னு கேப்பாங்க. மூணரை வயசு வரைக்கும் கட்டிப்போட்டது யாருன்னு கேப்பாங்க. அண்ணன் பொண்டாட்டி பேரைச் சொல்லணும். சொன்னா அந்த வீட்டுல பிள்ளைக்கு எடமிருக்குமா?"

"சொல்லலன்னா உங்க எடம் போயிடும் எஜே," என்றார் தமாரா ஓஸ்மோனோவ்னா.

"என் எடம் கெடக்கு. பிள்ளை திரும்ப அந்தத் தொட்டிலுக்குத்தானே போகும்?"

துறைப் பெண் கடிகாரத்தைப் பார்த்து, பேனாவின் மூடியைத் திறந்தாள். நான் என் கைபேசியிலிருந்து அழைக்கட்டுமா என்று கேட்டேன். "தெரியாத நம்பரை எடுக்கவே மாட்டா தங்கச்சி," என்றார் பூருல் எஜே. சொன்ன விதத்தில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஐந்தாக நாலு நிமிடம் இருந்தது. கைபேசியை மேசைமேல் பட்டைக்குப் பக்கத்தில் வைத்து, எல்லாரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி, நான்காவது தடவையாக அழைத்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.