பிடுங்கி நட்ட கரட்

1. ஐப்பசியில் கரட் விதைத்தேன். அடைமழை பாத்தியோடு விதையையும் வாரிக்கொண்டு போனது.
2. நிலத்தைத் திருப்பித் தரும்படி என் தகப்பனார், ஐயா, கேட்டார். அவருடைய புகையிலை நாற்று நடுகைக்குத் தயாராக இருந்தது.
3. நான் கொடுக்கவில்லை.
4. மார்கழியில் மழை விட்டதும் மறுபடி விதைத்தேன். முளை புல்லைப் போல நெருக்கமாக வந்தது.
5. இடையிடையே பிடுங்கி அதைக் கலைக்கத் தொடங்கிய அன்று மாமி வந்தார்.

விவசாயப் பயிற்சி முடித்து வீட்டுக்கு வந்த முதல் வருடம் அது. கிணற்றடியில் இருந்த செம்பாட்டு நிலத்தில் ஒரு துண்டை ஐயா ஒரு போகத்துக்கு எனக்கு விட்டிருந்தார். விளைந்தது சுன்னாகம் சந்தையில் விலைப்பட்டால் துண்டு என்னிடம் இருக்கும். விலைப்படாவிட்டால் அடுத்த மார்கழியில் அங்கே புகையிலை நிற்கும், நான் ஏதாவது பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்துக்கொண்டிருப்பேன். இதில் எதுவும் ஒளிவுமறைவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னிலையிலும் பேசித் தீர்த்த விஷயம்.

மாமி ஐயாவின் அக்கா. வேலிக்கு அந்தப் பக்கத்து வளவில் இருந்தார். நான் நான்கு விரலுக்கு ஒரு கன்றை விட்டு, இடையில் நின்றவற்றைப் பிடுங்கி வரம்பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

“என்ன பிள்ளை செய்யிறாய்? உயிருள்ள கண்டையெல்லே பிடுங்கி எறியிறாய்!”

“நெருக்கமா நிண்டால் கிழங்கு பருக்காது மாமி.”

“பருக்காட்டில் தள்ளி நடு. எறியச் சொல்லியே உனக்குப் படிப்பிச்சவை?”

எங்கள் பக்கத்தில் புகையிலை, மிளகாய், கத்தரி எல்லாமே மேடையில் நாற்றுப் போட்டுப் பிடுங்கி நடுகிற பயிர்கள். மிஞ்சிய நாற்று வேலிக்கு மேலால் அடுத்த வீட்டுக்குப் போகுமே தவிர, வெயிலில் கிடந்து வாடாது. சத்தம் கேட்டு வந்த ஐயாவுக்கும் நான் செய்தது பிடிக்கவில்லை.

“அரைவாசி கலைச்சிட்டாய் தானே, காணும். மிச்சத்தை அப்பிடியே விடு” என்றார்.

மாமி வரம்பில் கிடந்த கன்றுகளைச் சீலைத் தலைப்பில் அள்ளினார். துண்டின் கடைசியில் வெறுமையாகக் கிடந்த பாத்தியைத் தாமே கொத்தி, விரலால் குழி போட்டு, புகையிலைக் கன்றுக்குச் செய்வது போல ஓலைத் துண்டால் மறைப்புக் கட்டி நட்டார். நான் தடுக்கவில்லை. கலைத்தது, கலைக்காதது, பிடுங்கி நட்டது என்று மூன்று விதமும் ஒரே மண்ணில், ஒரே தண்ணீரில் நிற்கட்டும் என்று விட்டேன்.

மாமியின் கன்றுகள் பிழைத்தன. பிழைத்தது மட்டுமல்ல, தைப்பொங்கலுக்குப் பிறகு மூன்றிலும் செழித்த இலை அவருடைய பாத்தியில்தான் இருந்தது.

“உன்ரை படிப்பு கொல்லுது, என்ரை கை பிழைக்க வைக்குது. பாத்தியே?”

ஐயா குனிந்து இலையைத் தடவிப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் இலை விற்றவர் அவர். “அக்கா நட்டதுதான் நல்லாய் நிக்குது” என்றார்.

“இலையைப் பாத்துச் சொல்லாதேங்கோ ஐயா. மூண்டையும் ஒரே நாளிலை கிண்டுவம். நீங்களும் வாங்கோ, மாமியும் வரட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லக்கூடாது.”

“நீதவான் தீர்ப்புச் சொல்லிப்போட்டா” என்று மாமி சிரித்தார்.

மாசி முடியுமுன் கிண்டினோம். இன்னும் பிந்தினால் பங்குனி வெயில் கிழங்கை நாராக்கிவிடும். கலைத்த பாதியில் கிழங்குகள் நேராக, பிடி கொள்ளும் பருமனில் வந்தன. கலைக்காத பாதியில் சுண்டுவிரல் அளவில் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கிடந்தன. மாமியின் பாத்தியில் முதல் கிழங்கு இரண்டு காலோடு வந்தது. அடுத்தது மூன்று காலோடு. பிடுங்கும்போது ஆணிவேரின் நுனி அறுந்துவிட்டால் கரட் கீழே இறங்காது, பக்கத்தில் பிரியும். புகையிலைக்கு அது ஒரு குறையல்ல, அதன் வேரை யாரும் விற்பதில்லை.

மாமி ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். “உது காலை மடக்கிச் சப்பாணி கட்டிக்கொண்டெல்லே இருந்திருக்குது! போகட்டும், சட்டிக்குள்ளை எல்லாம் ஒண்டுதான்.”

ஐயா கூடைகளைத் தூக்கிப் பார்த்தார். “நீ கலைக்காததிலைதான் பாரம் கூட.”

“ஓம் ஐயா, பாரம் இருக்கு. வாங்க ஆள் இருக்கோ எண்டு சந்தையிலை பாப்பம்.”

மூன்று கூடைகளையும் கலக்காமல் வண்டியில் ஏற்றச் சொன்னேன். சுன்னாகத்தில், பட்டணத்துப் பங்களாக்களுக்கு மரக்கறி அனுப்புகிற வியாபாரி என் கூடையை முழுவதும் எடுத்தார். மெல்லியவற்றை விரலால் கிண்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். மாமியின் கூடையைக் கண்டதும், “அண்ணை, உது கிழங்கோ, நண்டோ?” என்று ஐயாவிடம் கேட்டார். ஐயா சிரிக்கவில்லை. மற்ற இரண்டு கூடைகளையும் திரும்ப வண்டியில் ஏற்றினார். வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கிய பிறகு, “துண்டு முழுக்கத் தரமாட்டன். அரைவாசி தாறன். மழை விட்டாப் பிறகு விதை” என்றார்.

முழுவதும் வேண்டும் என்றேன். அரைவாசிதான் என்றார்.

இப்போது அந்த அரைவாசியில் மார்கழி விதைப்பு நான்கு விரல் இடைவெளியில் கலைத்து விடப்பட்டு நிற்கிறது. மறு அரைவாசியில் புகையிலை. மாமி இந்த முறையும் கரட் கன்று கொஞ்சம் பிடுங்கி நட்டிருக்கிறார். முழுத் துண்டை நான் தொடர்ந்து கேட்கிறேன். ஐயா இன்னும் ஓம் சொல்லவில்லை.