தேய்பிறை அஷ்டமியும் ஒரு லேப்டாப்பும்

செவ்வாய்க்கிழமை காலை எதிர்வீட்டு துளசிராம் ஐயா சாக்கடையில் விழுந்துவிட்டார். இடது கையில் மாவுக்கட்டு.

சர்க்கரை வியாதியில் அவருக்குப் பார்வை போய் நாலு வருடமாகிறது. இருந்தாலும் தினமும் டீக்கடை வரை தனியாகப் போய்வருவார். தனியாக என்றா சொன்னேன்? தப்பு. செவலை முன்னால் போகும். தெரு நாய்தான். அதன் கழுத்தில் ஐயா ஒரு சலங்கை கட்டிவிட்டிருந்தார். சத்தம் நின்றால் நிற்பார். நகர்ந்தால் நகர்வார்.

இப்போது செவலை இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எட்டு மாதத்துக்கு முன் எங்கள் வில்லாபுரத்துக்கு பிரபு என்று ஓர் ஆராய்ச்சி மாணவர் வந்தார். தெரு நாய்கள் எங்கே படுக்கின்றன, எதோடு எது சேர்கிறது, எப்போது இடம் மாறுகின்றன - எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றுவார். அதை வைத்து, நாளைக்கு எந்த நாய் எங்கே இருக்கும் என்று மெஷினே சொல்ல வேண்டும். ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்றார். காலை ஒன்பது மணிக்கும் சாயங்காலமும் நாலு தெருவைச் சுற்றுவார். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு நம்பர், ஒரு போட்டோ. செவலை பதினேழாம் நம்பர்.

டீ மாஸ்டர் முத்து விடுவாரா?

"தம்பி, இம்புட்டு நாயையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டீக. எம்மக பேர ரேஷன் கார்டுல ஏத்த ரெண்டு வருசமா அலையிறேன். அதுக்கும் ஒரு வழி பண்ணுங்களேன்!"

பிரபுவும் சேர்ந்து சிரித்தார். நல்ல பிள்ளை. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

நாய் பிடிக்கும் வண்டியும் எங்கள் தெருவுக்கு அவ்வப்போது வரும். எதற்கு? வெறுங்கையோடு திரும்பிப் போவதற்கு. சத்தம் கேட்டதுமே நாய்கள் நாலு பக்கமும் பறந்துவிடும். மிச்சம் உள்ளவற்றுக்கு வீட்டுக் கதவுகள் திறக்கும், மூடும்.

ஒருநாள் பிரபு குழம்பிப் போய் என்னிடம் வந்தார்.

"சார், மாசத்துல ஒருநாள் மட்டும் நாலு தெரு நாயும் தண்ணித் தொட்டிகிட்ட மொத்தமாப் படுத்துக் கெடக்கு. மெஷின் அந்த இடத்தைக் கரெக்டா காட்டுது. ஆனா என்னைக்குன்னு அதுக்குப் பிடிபடல. தேதி மாறுது, கிழமை மாறுது..."

எனக்கு வந்ததே ஒரு பெருமை! கம்ப்யூட்டருக்குத் தெரியாதது எட்டாங்கிளாஸோடு நின்ற எனக்குத் தெரிகிறதே!

"இங்கிலீஷ் தேதியில தேடுனா எப்படித் தம்பி கிடைக்கும்? அன்னைக்குத் தேய்பிறை அஷ்டமி. பைரவருக்கு உகந்த நாள். துளசிராம் ஐயா சம்சாரம் ருக்மணி அக்கா காலைல ஏழு மணிக்கு எல்லா நாய்க்கும் தயிர்சாதம் வைப்பாங்க. நீங்க வர்றதுக்குள்ள இலையையும் எடுத்துப் போட்டுருவாங்க. தின்ன மயக்கத்துல அதுக படுத்துக் கெடக்கும்."

அதோடு விட்டேனா? தினசரி காலண்டரைக் கழற்றி, வருடத்துக்கான அஷ்டமி முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவர் டைப் அடித்துக்கொண்டார்.

கேட்டதற்கு மேல் பதில் சொல்வது நம்மூர் வியாதி. மேலூர் பஸ் எது என்று ஒருவர் கேட்டால், பஸ்ஸைக் காட்டி, ஜன்னல் சீட்டும் பிடித்துக் கொடுத்து, யார் வீட்டுக்குப் போகிறார் என்பதையும் விசாரித்துத்தான் விடுவோம். அவர் எதற்குப் போகிறார் என்று மட்டும் யோசிக்க மாட்டோம்.

போன அஷ்டமி. ஏழு மணி. அக்கா தண்ணீர்த் தொட்டியருகே இலைகளை விரித்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். நாய்கள் தலை குனிந்து தின்றுகொண்டிருந்தன. நாய் பிடிப்பவர்கள் வண்டியை இரண்டு தெரு தள்ளியே நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமிருந்தும் வலையோடு நடந்தே வந்திருக்கிறார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"ஐயா, அந்தச் செவலைய விட்டுருங்க. எங்க வீட்டுக்காரருக்கு அதுதான் கண்ணு!" அக்கா அவர்களுடைய சூப்பர்வைசரின் கையைப் பிடிக்காத குறை.

"வீட்டு நாய்னா கட்டிப் போட்டிருக்கணும்மா. கழுத்துல பெல்ட்டு எங்க?"

"சலங்க கட்டியிருக்கே..."

"சலங்கையெல்லாம் கணக்கில்ல." சொல்லிவிட்டு, கையிலிருந்த தாளில் எதையோ சரிபார்த்தார். எட்டிப் பார்த்தேன். பிரபுவின் தாள். நம்பர், போட்டோ, இடம்... கீழே அஷ்டமித் தேதிகள். இடத்தை மெஷின் சொன்னது. நாளைச் சொன்னது நான்.

ஐயா வாசற்படியில் நின்றிருந்தார். நாய்களை ஏற்றிக்கொள்ளத் தெருவுக்குள் வந்திருந்த வண்டிக்குள்ளிருந்து சலங்கைச் சத்தம் வந்தது. அது தெரு திரும்பி மறையும் வரை, முகத்தை அந்தப் பக்கமே வைத்திருந்தார்.

மத்தியானம் பிரபு ஓடிவந்தார். "வெறிநாய் ஊசி போடணும்னு கார்ப்பரேஷன்ல லிஸ்ட் கேட்டாங்க சார். நல்ல காரியம்தானேன்னு குடுத்தேன்." அழுதுவிடுவார் போலிருந்தது. அவருடைய புரோகிராம் அன்றைக்கு ஒரு நாயின் இடத்தைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. அதையும் அவர்தான் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டே.

கருத்தடை ஆபரேஷன் செய்து திருப்பி விடுவோம் என்றுதான் சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனார். நானும் பிரபுவும் எங்கெங்கோ அலைந்தோம். அந்த ஆபீஸில் கேட்டால் இந்த ஆபீஸ். இங்கே கேட்டால் லீவு.

ஐயாவின் கையைப் பார்க்கப் போனபோது அக்கா காபி கொடுத்தபடியே கேட்டார். "இத்தன வருசமா ஒரு குட்டியக்கூட புடிக்கத் தெரியாத பயலுக. அன்னைக்கு மட்டும் எப்படித் தம்பி நாள் பாத்து வந்தாய்ங்க?"

"தெரியலக்கா" என்றேன். காபியையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஐயாவுக்குப் படிக்கத் தெரியும், கண் தெரியாது. அக்காவுக்குக் கண் தெரியும். வீட்டுக்குள் சௌராஷ்டிரா பாஷை, வெளியே தமிழ் என்று வாய் நிறையப் பேசுவார், ஆனால் படிக்கத் தெரியாது.

அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.